சட்டமிட்ட சகுந்தலை: பழைய வண்ண அச்சுப்படங்களை மதிப்பிடுமாறு

1. தோற்றுவாய்

மதிப்பு என்னும் சொல் இருபொருள் பயப்பது. ஒரு பொருள் சந்தையில் இன்ன விலை பெறும் என அறுதியிடுதல் ஒன்று. அப்பொருள் கலை என்னும் நிலையில் எத்தகுதியது எனத் துணிதல் மற்றொன்று. முன்னது வணிகர் தொழில்; பின்னது திறனாய்வாளர் கடன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கித் தமிழர் இல்லங்களின் சுவர்களிற் சட்டமிட்டுத் தொங்கவிடப்பெற்ற வண்ண அச்சுப்படங்களைப் பொறுத்தவரை, இன்று விலை காண்பார் பலர். தமிழ்ப் பொருளிலக்கணத்தின் கண்கொண்டு தகுதி காண்பார் அரியர். ஓவிய வரலாற்றாசிரியர் இப்படங்களை அச்சுத்தொழிலின் வரலாறாகவும் சமுதாய வரலாறாகவும் ஆராய்ந்துள்ளனர். ஆயின், இப்படங்களின் உயிர்நிலையாக நிற்பது உணர்ச்சி. அவ்வுணர்ச்சி செவ்விதா, மிகையா, போலியா என்னும் வினாவுக்கு விடை காண்டற்குரிய கருவிகள் தமிழிலேயே உள. அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக யாம் கொண்டது ஒரே படம். புதுவை நகரின் தொழிற்பேட்டைப் பகுதியாகிய மேட்டுப்பாளையத்தில் ஓர் இல்லத்தில் உள்ளது அது. தேக்குச் சட்டம், முகப்புக் கண்ணாடி, பின்னே மரப்பலகை; உள்ளே, காலில் தைத்த முள்ளைக் களைவாள் போல நின்று திரும்பி நோக்கும் சகுந்தலை. அவளுடைய ஆடையின்மேற் சரிகையும் சமிக்கியும் வைத்துத் தைக்கப்பெற்றுள்ளன. மக்கள் இத்தகையதனை 'ரவிவர்மா படம்' என்றே வழங்குவர். இதனை விற்பதா, வைத்துக்கொள்வதா, தையலைப் பிரித்து அச்சிட்ட நாளில் இருந்த நிலைக்குக் கொணர்வதா என்பது அவ்வில்லத்தார்முன் நின்ற வினா. மதிப்பீடு தவறுமாயின் மீட்க இயலாத இழப்பு நேரும் என்பதனால், இவ்வினா ஆராய்ச்சிக்கு உரியதே.

2. படம் வந்த வழி

கிளிமானூரில் 1848இல் தோன்றி 1906இல் மறைந்த இரவிவர்மா, எண்ணெய் வண்ண ஓவியத்தில் ஐரோப்பிய முறையைக் கையாண்டு, பாரத இராமாயணக் கதைமாந்தரை இயற்கை உருவினராக எழுதிப் புகழ் பெற்றவர். அரண்மனைகளில் அடைபட்டுக் கிடந்த ஓவியங்கள் எளிய இல்லங்களை எய்தவேண்டுமாயின் அவற்றை ஐரோப்பாவுக்கு விடுத்து அச்சிடுவித்தல் வேண்டும் என்று 1884இல் அவருக்கு எழுதியவர், கும்பகோணத்திற் பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய அரசுகளில் திவானாய் இருந்த சர் டி. மாதவராவ் ஆவர். அக்கருத்துப் பின்னர் வேறு வடிவம் பெற்றது. 1894இல் பம்பாயில் இரவிவர்மாவின் பெயராலேயே ஓர் அச்சுக்கூடம் எழுந்தது. சில ஆண்டுகளில் அது லோனாவ்லாவை அடுத்த மளவ்லிக்கு மாற்றப்பெற்றது; அதன்பின், அங்குத் தொழில் நடத்திய செருமானியராகிய பிரிட்சு சிலைக்கரின் உடைமையாயிற்று. ஓவியர் மறைந்த பின்னரும் பல்லாண்டு அவ்வச்சுக்கூடம் படங்களை வெளியிட்டுவந்தது. 1972இல் நேர்ந்த தீ அதன் எச்சங்களையும் பெரிதும் அழித்தது.

இவ்வரலாற்றால் மதிப்பீட்டுக்கு இன்றியமையாத செய்தியொன்று பெறப்படுகின்றது. 'இரவிவர்மா படம்' என்பது ஓவியர் கைபட்ட படம் என்று பொருள்படாது. அவர் வாழ்நாளில் அச்சானது என்றும் பொருள்படாது. ஆகலின், ஒரு படம் பழமையானது என்பதனாலேயே அது 1906க்கு முற்பட்டதெனத் துணிதல் கூடாது.

அச்சுமுறையும் அறியத்தக்கது. செனிபெல்டர் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவிற் கண்ட கல்லச்சு, வழவழப்பான சுண்ணக்கல்லின்மீது கொழுப்பு மையால் எழுதி, கொழுப்பும் நீரும் ஒன்றையொன்று ஏலா என்னும் இயல்பைக் கொண்டு படியெடுப்பது. வண்ணப் படத்திற்கு ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல் வேண்டும். மூல ஓவியத்தைப் பார்த்து, இன்ன நிழலுக்கு இன்ன கல்லில் இத்துணைப் புள்ளி எனக் கையால் வைத்தவர் அச்சுக்கூடத்துக் கைவினைஞர். முடிவில், எண்ணெய் ஓவியம் போலத் தோற்றுமாறு மெருகெண்ணெய் பூசியும், துணியிழை போன்ற வரைகளை அழுத்திப் பதித்தும் வெளியிட்ட படங்களுக்கு 'ஓலியோகிராப்' என்று பெயர். எனவே, இப்படத்திற் காணும் சகுந்தலையின் கண் இரவிவர்மா எழுதிய கண் அன்று. பெயர் அறியப்படாத ஒருவர், பல கற்களிற் புள்ளிகளாகப் பிரித்து மீண்டும் கூட்டிய கண். பாராட்டும் பழியும் அவருக்கும் பங்குடையன.

3. பொருளை அறிதல்

மதிப்பீட்டின் முதற்படி பொருள் இன்னதெனத் தெளிதல். உருப்பெருக்காடியால் நோக்கின், கல்லச்சுப் படத்தின் வண்ணம் ஒழுங்கற்ற மணல்போற் சிதறிய புள்ளிகளாகத் தோன்றும். பிற்காலத்து ஆப்செட் அச்சிலோ புள்ளிகள் அளவெடுத்தாற் போன்ற வரிசையில் நிற்கும். மேட்டுப்பாளையத்துப் படத்திற் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியே உள்ளன. ஆகலின் இது கல்லச்சு என்பது தெளிவு. ஆயின் அச்சுக்கூடத்தின் பெயர் பொறிக்கப்படும் அடிவிளிம்பு இதில் இல்லை. சட்டத்துக்குப் பொருந்துமாறு அதனை யாரோ அரிந்துவிட்டனர். இவ்வாறு விளிம்பு அரிந்த படங்களை அச்சுக்கூடத்தோடும் ஆண்டோடும் உறுதியாகப் பிணித்தல் அரிது. 'மூலப் படம்' எனவும் 'நூற்றாண்டு கடந்தது' எனவும் விற்போர் கூறும் உறுதிமொழிகள் விளிம்பற்ற படத்தைப் பொறுத்தவரை கூற்றளவாகவே நிற்பன.

சட்டமும் சான்றாகும், ஆனால் ஐயத்துக்கிடமான சான்று. பழஞ்சட்டத்திற் புதுப்படமும் புதுச்சட்டத்திற் பழம்படமும் இடம்பெறுதல் உண்டு. ஆணித்துளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையில் உளவா, பின்பலகையின் கறை தாளின் பின்புறத்துக் கறையோடு ஒத்துள்ளதா என்பவற்றை நோக்குதல் வேண்டும். இப்படத்தில் இரண்டும் ஒத்துள்ளன. மரப்பலகையின் புளிப்பு தாளைப் பழுப்பாக்கி நொறுங்கும் தன்மையதாக்கியுள்ளது. கடற்காற்றின் ஈரமுடைய புதுவையில் இந்நோய் வியப்பன்று. கண்ணாடி படத்தை நேரே தொடும் இடங்களில் மெருகெண்ணெய் அதனோடு ஒட்டிக்கொள்ளுதலும் நிகழும். அவ்வாறு ஒட்டிய படத்தை வன்மையாகப் பிரித்தால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும்.

4. பழிப்பும் பாராட்டும்

இனித் தகுதியை நோக்குவோம். இரவிவர்மா மறைந்த ஆண்டிலேயே பாரதியார் அவரைப் பாராட்டி இரங்கிப் பாடினார். 1908இல் புதுவையிற் புகலடைந்து 1918 வரை அங்கு வாழ்ந்த அப்புலவரின் பாராட்டு, அக்காலத் தமிழ் நெஞ்சம் இவ்வோவியங்களை எவ்வாறு ஏற்றது என்பதற்குச் சான்று. ஆனால் அடுத்த ஆண்டிலேயே, 1907இல், நிவேதிதை அம்மையார் 'சகுந்தலை மடல் வரைதல்' என்னும் ஓவியத்தைக் கடுமையாகச் சாடினார். தரையிற் கிடந்து தாமரையிலையில் எழுதும் அவ்வுருவம் இந்தியப் பெண்மையின் மாண்புக்கு ஒவ்வாதது என்பது அவர்தம் கருத்து. அதே ஓவியந்தான் சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் பெருமகனால் வாங்கப்பெற்றது. மோனியர் வில்லியம்சின் சாகுந்தல மொழிபெயர்ப்புக்கு முகப்புப் படமாகவும் அமைந்தது. கொழும்பிற் பிறந்த தமிழ்க்குடியினராகிய ஆனந்த குமாரசுவாமியும் இரவிவர்மாவின் படைப்புக்களில் நாடகமேடைப் பாங்கே மிகுந்துள்ளதெனவும், காவிய மாந்தர்க்குரிய உயர்வு அமையவில்லையெனவும் எழுதினார்.

இப்பழிப்பில் உண்மை உண்டு. ஒரே முகச்சாயல் பல தலைவியர்க்கும் வருதல், பின்னணி திரைச்சீலை போல நிற்றல் ஆகியன மறுக்கற்பாலன அல்ல. நாடகத்தோடு இவ்வகைப் படங்களுக்குள்ள உறவு தமிழகத்திலும் தொடர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்து சிவகாசி அச்சுக்களின் வழியே இல்லந்தோறும் புகுந்த சி. கொண்டைய ராஜு (1898-1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவரே ஆவர். எனினும், நாடகப் பாங்கு என்று கூறியவளவில் திறனாய்வு முற்றுப்பெற்றதாகாது. கூத்தின் மெய்ப்பாடு வேறு, ஓவியத்தின் மெய்ப்பாடு வேறு எனக் காட்டினாலன்றி அது குறையாதல் எங்ஙனம்?

உணர்ச்சிப் படங்களைப் போற்றிப் பின் தூற்றுதல் நம் நாட்டளவில் நின்ற செய்தியும் அன்று. பிரெஞ்சு நாட்டுக் குரூசு என்னும் ஓவியர், இறந்த பறவைக்கு அழும் சிறுமியை 1765இல் காட்சிக்கு வைத்தபோது திதரோ உருகிப் பாராட்டினார். குரூசின் படங்கள் செப்புத்தகட்டு அச்சுக்களாய்ப் பரவின. பின்வந்த தலைமுறையினர் அவ்வுருக்கத்தைப் போலியெனத் தள்ளினர். படம் மாறவில்லை, காண்பார் சுவையே மாறிற்று. சுவையின் மாற்றத்தைத் தீர்ப்பெனக் கொள்ளாதிருக்க வேண்டுமாயின், நிலைத்த அளவுகோல் ஒன்று வேண்டும்.

5. தமிழ் காட்டும் அளவுகோல்

கதைப்படத்தை மக்கள் கூடிநின்று காண்டல் இழிந்த வழக்கம் அன்று என்பதனைப் பரிபாடல் உணர்த்தும். திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில், அகலிகையையும் கௌதமனையும் பூனையுருக் கொண்ட இந்திரனையும் எழுதியிருந்ததையும், வந்தோர் 'இது யாது' என வினவ அறிந்தோர் விளக்கியதையும் பத்தொன்பதாம் பாடல் கூறுகின்றது. படத்தின் கதையை அறிந்து மகிழ்தல் அன்றே ஏற்கப்பெற்ற சுவைநெறி என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் உணர்ச்சியைப் பற்றிய நுண்மையான கருத்து நெடுநல்வாடையில் உள்ளது. போர்ப்பாசறையிலுள்ள தலைவனைப் பிரிந்த கோப்பெருந்தேவி, தன் கட்டிலின்மேல் விதானத்தில் எழுதிய திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கி நெடுமூச்செறிகின்றாள். அவள் கண்ணில் நீர் திரள்கின்றது. ஈண்டுக் கருதற்பாலது ஒன்று. அவ்விதானத்து ஓவியத்தில் அழுகை இல்லை. ஓவியன் எழுதியது கூடியிருக்கும் இருவரை. அழுகை, காண்பாளிடத்தே பிறக்கின்றது. ஓவியம் ஒரு நிலையைக் காட்டி அமைகின்றது. எஞ்சியதனைக் காண்பார் வாழ்வு நிரப்புகின்றது.

இதனை அளவுகோலாகக் கொள்ளின், செவ்விய உணர்ச்சிப் படத்துக்கும் போலி உணர்ச்சிப் படத்துக்கும் எல்லை வகுத்தல் இயலும். காண்பார் உருகுதற்கு இடம் விடுவது செவ்விது. காண்பார்க்காகத் தானே உருகிக் காட்டுவது போலி. கன்னத்திற் கண்ணீர்த்துளியை எழுதி, கையை நெஞ்சில் வைத்து, முகத்தை வானோக்கி நிமிர்த்தி, துயர் துயர் என்று மும்முறை கூறும் படத்தின்முன் காண்பார்க்குச் செய்தற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இதற்கு அரண் செய்கின்றது. எண்வகை மெய்ப்பாட்டையும் அவற்றின் நிலைக்களங்கள் நந்நான்கையும் கூறிய ஆசிரியர், களவின்கண் தலைவியிடத்துத் தோன்றும் மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துங்கால் எடுத்துரைப்பன யாவை? எழுந்த நகையை மறைத்தல், கூந்தலை விரித்தல், காதணியொன்றைக் களைதல், அணிகளைத் தடவிக்கொள்ளுதல், உடையைப் பெயர்த்து உடுத்தல் ஆகியன. அனைத்தும் சிறு செயல்கள். பிறர்க்கு இயல்பெனத் தோன்றி, உரியார்க்கு மட்டுமே உள்ளத்தைப் புலப்படுத்துவன. மறைத்தலும் வெளிப்படுத்தலும் ஒரே செயலில் ஒருங்கு நிகழ்தலே அம்மெய்ப்பாடுகளின் அழகு.

6. முள்ளும் நோக்கும்

இவ்வளவுகோலைச் சகுந்தலையின்மீது இட்டுப் பார்ப்போம். 1898ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்பெறும் மூல ஓவியம் காளிதாசனின் முதலங்க இறுதியைத் தழுவியது. துட்டயந்தனை விட்டு நீங்கும் சகுந்தலை, தருப்பைமுனை காலில் தைத்ததெனவும் மரவுரி கிளையிற் சிக்கியதெனவும் காட்டிக் காலந்தாழ்த்து அவனை நோக்குகின்றாள். மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பாலும் ஆராய்ச்சியாலும் தமிழ் கற்பார் இக்காட்சியை நன்கறிவர்.

இரவிவர்மா இரு காரணங்களுள் ஒன்றனைத் தேர்ந்தார். சிக்கிய ஆடையை விடுத்து முள்ளைக் கொண்டார். அத்தேர்வு ஓவியத்துக்கு ஏற்றது. ஒருகை தோழியின்மீது ஊன்ற, ஒருகால் மேலெழ, மற்றொரு கை அக்காலை நோக்கிச் செல்ல, முகம் மட்டும் எதிர்ப்புறம் திரும்புகின்றது. உடல் முள்ளுக்கும் முகம் காதலுக்குமாகப் பிரிகின்றன. முள்ளைக் களைவார் முள்ளைப் பார்ப்பர்; இவள் பார்க்கவில்லை. பொய் வெளிப்படும் இடம் அதுவே. மேலும், நோக்கப்படுவான் படத்தில் இல்லை. துட்டயந்தனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியமையால், அவள் நோக்கு எங்கு முடிகின்றது என்பதனைக் காண்பாரே நிரப்ப வேண்டியவராகின்றனர். நெடுநல்வாடை விதானத்தின் நெறி ஈண்டு மீளக் காணப்படுகின்றது.

ஆகவே, நிவேதிதையின் பழிப்பு மடல் வரையும் சகுந்தலைக்குப் பொருந்துமாயினும் முள் களையும் சகுந்தலைக்குப் பொருந்தாது. முன்னையவள் காதலை ஒளியாது எழுதிக்கொண்டிருப்பவள். பின்னையவள் ஒளித்துக் காட்டுபவள். ஒரே ஓவியரின் இரு படங்கள், ஒரே தலைவியைப் பற்றியன, மெய்ப்பாட்டால் இருவேறு தரத்தின. 'உருக்கப் படம்' என்னும் ஒரே பெயரால் இரண்டனையும் ஒருசேரத் தள்ளுதல் திறனாய்வாகாது.

7. சரிகையும் சமிக்கியும்

மேட்டுப்பாளையத்துப் படத்தின் தனித்தன்மை அதன் தையலில் உள்ளது. அச்சுப்படத்தின்மேல் துணி, சரிகை, மணி, சமிக்கி முதலியவற்றை வைத்துத் தைக்கும் வழக்கம் தமிழகத்துப் பழைய இல்லங்களிற் காணப்படுவது. முகமும் கைகளும் அச்சாகவே விடப்பெறும். ஆடையும் அணியும் தையலால் எழும். பொற்றகடும் கல்லும் பதித்துத் தெய்வவுருவை எழுப்பிக் காட்டும் தஞ்சாவூர் ஓவிய மரபைக் கண்டு பழகிய கண்களுக்கு இஃது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

அச்சுப்படத்தை வெளியிட்டவாறே வைத்திருத்தல்தான் உயர்வு என்று கருதும் மேனாட்டுச் சேகரிப்போர் நெறிப்படி இத்தையல் சேதம். தாளில் நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் இப்படத்தை அணிசெய்த கை கண்ணில்லாத கை அன்று. தையல் ஆடையளவில் நின்று, முகத்தை எட்டாது அடங்குகின்றது. மின்னும் துணியின் நடுவே மின்னாத தாளாக நிற்பது முகம் ஒன்றே. அதனால் கண் முதலில் முகத்திற் சென்று தங்குகின்றது. கல்லச்சில் மங்கிய நோக்குக்கு இத்தையல் ஒருவகையில் ஒளி கூட்டியுள்ளது எனலாம்.

பாராட்டு அம்மட்டே. புடைவையின் கீழ்க்கரையாக அமைந்த அகன்ற சரிகைப் பட்டை, மேலெழுந்த பாதத்தின் பெரும்பகுதியை மூடிவிட்டது. முள் களையும் பாசாங்கு மறைந்தது. எஞ்சியவள், தோழியின் தோளைப் பற்றித் திரும்பிப் பார்க்கும் அணிமிக்க மணமகள் போன்ற ஒருத்தி. மறைத்துக் காட்டும் மெய்ப்பாடு போய், ஒப்பனை வந்தது. காளிதாசனின் சகுந்தலை தவவனத்து மரவுரியாள். இரவிவர்மா அவளுக்கு நூலாடையும் பூவணியும் தந்தார். இல்லத்துக் கை அவளுக்குச் சரிகையும் மணியும் தந்தது. படிதோறும் அவள் வனத்தினின்று வீட்டை நோக்கி நடந்திருக்கின்றாள். கதையாற் குறைந்தாள், உறவால் அணுகினாள்.

இங்குத்தான் மதிப்பீடு கூர்மையாகச் செய்யப்படல் வேண்டும். சாகுந்தலக் காட்சியின் ஓவிய விளக்கம் என்ற நிலையில் இப்படம் குறையுடையது. அக்குறை மையத்திலேயே உள்ளது. தமிழ் இல்லத்தார் அச்சுப்படத்தைத் தமதாக்கிய வரலாற்றின் சான்று என்ற நிலையிலோ, தையலற்ற நல்ல படியைக் காட்டிலும் இஃது உயர்ந்தது. கல்லச்சிற் பல படிகள் பிறக்கும். ஆனால் இக்கரையை இவ்வாறு தைத்த படி ஒன்றே. அச்சினாற் பலவாகிய படம் தையலால் மீண்டும் ஒன்றாயிற்று.

8. முடிபு

மேற்கூறியவற்றால் நாம் எய்தும் துணிபுகள் பின்வருவன.

தையலைப் பிரித்தல் கூடாது. பிரித்தால் மறைந்த பாதம் வெளிப்படும் என்பது மெய்யே. ஆனால் துளைபட்டு நொறுங்கும் தாளிலே அப்பாதம் வெளிப்படும். கிடைப்பது பழைய சகுந்தலையும் அன்று, இல்லத்துச் சகுந்தலையும் அன்று. பாதத்தைக் காண விழைவார்க்குத் திருவனந்தபுரத்துச் சித்திரா ஓவியக்கூடத்தில் மூல ஓவியம் உள்ளது.

கேடு விளைக்கும் பின்பலகையை நீக்கிப் புளிப்பற்ற அட்டை வைத்தலும், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே இடைவெளி அமைத்தலும், வெயில் நேரே படாத உட்சுவரில் மாட்டுதலும் செய்யத்தக்கன. பழைய பலகையை எறிந்துவிடாது தனியே வைத்தல் வேண்டும். அதன் கறையும் ஆணித்துளையுமே இப்படத்துக்கு எஞ்சிய ஆவணம்.

விற்க நேரின், அச்சுக்கூடப் பெயரோ ஆண்டோ உறுதிப்படாதது எனக் கூறியே விற்றல் அறம். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் வரம்புக்குள் வருவன. 1979இல் இரவிவர்மாவின் படைப்புக்கள் கலைச்செல்வமாகவும் அறிவிக்கப்பெற்றன. அயல்நாட்டார் பலர் வந்து பழம்பொருள் தேடும் புதுவையில், தொல்பொருள் துறையினரை வினவாது இத்தகைய படங்களைக் கடல்கடந்து விடுத்தல் ஆகாது.

தகுதியைப் பற்றிய துணிபு ஒன்றே எஞ்சியது. உருக்கம் மிகுந்தது என்பதனால் ஒரு படம் இழிந்ததாகாது. எளியோர் சுவரில் தொங்கியது என்பதனாலும் இழிந்ததாகாது. அது காண்பார்க்கு இடம் விடுகின்றதா என்பதே வினா. முள் களையும் சகுந்தலையை எழுதியவர் இடம் விட்டார். கல்லில் பெயர்த்தவர் அவ்விடத்தைச் சிறிது சுருக்கினார். தைத்தவர் ஓரிடத்தை மூடி, மற்றோரிடத்தைத் திறந்தார். இம்மூவர் செயலையும் வேறு வேறாக எடைபோடுவதே இவ்வகைப் படங்களுக்கு ஏற்ற திறனாய்வு. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் ஈழத்திலும் இத்தகைய படங்கள் இன்னும் பல இல்லங்களில் உள்ளன. மெய்ப்பாட்டியல் கற்ற மாணவர், ஏட்டுச்சுவடி தேடிச் செல்வது போன்றே அவற்றையும் தேடிச் சென்று, விளிம்பும் தையலும் நோக்கும் விடாது குறித்துவைப்பாராயின், விலைப்பட்டியல் காட்டாத வரலாறொன்று நமக்குக் கிடைக்கும்.